பவுத்திரமும் சத்திரசிகிச்சையும்

மலவாயிலின் அருகே ஒரு கட்டி எழும்; சில நாள் வலிக்கும்; பின்பு உடைந்து சீழ் வடியும். வலி தணிந்ததும் நோய் நீங்கிற்று என நோயாளி எண்ணிவிடுவார். சில வாரங்கள் கழிந்தபின் அதே இடம் மீண்டும் கசியத் தொடங்கும். வைத்தியரிடம் செல்லக் கூச்சம். வீட்டாரிடம் சொல்லவும் கூச்சம். மூலநோய் என்று தாமே தீர்மானித்துக் களிம்பு பூசிக் காலங் கழிப்போர் பலர். இவ்வாறு மறைக்கப்படும் நோயே பவுத்திரம். வடமொழி வைத்திய நூல்கள் இதனைப் பகந்தரம் என்னும்.

பவுத்திரம் ஒரு சுரங்கவழி. அதன் ஒரு வாய் குதத்தின் உட்சுவரிலும், மற்றது வெளித் தோலிலும் இருக்கும். உட்சுவரிலுள்ள சிறு சுரப்பிகளில் கிருமி புகுந்து சீழ் கட்ட, அச்சீழ் வெளியேறத் தேடிய வழியே பின்னர் மூடாமல் நின்றுவிடுகிறது. உள்வாய் திறந்திருக்கும்வரை அழுக்கு புகுந்துகொண்டே இருக்கும். ஆகையால் மருந்து மாத்திரம் இதனை மூடுவது அரிது. சிலருக்குக் காசநோயோ, குரோன் நோய் என்னும் குடலழற்சியோ மூலகாரணமாகும். அவர்களுக்கு அந்நோய்க்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும்.

சுரங்கத்தை நெடுகப் பிளந்து, புண்ணை அடியிலிருந்து ஆறவிடுவதே பழைய முறை. பிரான்சிய மன்னர் பதினான்காம் லூயிக்கு 1686 நவம்பர் 18ஆந் திகதி வெர்சாய் அரண்மனையில் நடந்ததும் இதுவே. மயக்கமருந்து அறியப்படாத காலம் அது. சத்திரவைத்தியர் பெலிக்ஸ், இதற்கென வளைந்த கத்தியொன்றைச் செய்வித்து, முன்னதாக வேறு நோயாளர்மீது பழகிப் பார்த்தார். அவர்களின் பெயர்கள் எவருக்கும் நினைவில்லை. மன்னர் குணமடைந்து 1715 வரை வாழ்ந்தார். இலண்டனில் 1835இல் பிரெடரிக் சல்மன் என்பவர் இத்தகைய நோயுற்ற ஏழைகளுக்கென ஒரு சிறு வைத்தியசாலையைத் தொடங்கினார். நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்சுக்கு 1841இல் பவுத்திரச் சிகிச்சை செய்தவரும் அவரே.

பிளப்பது எளிதெனில், எல்லார்க்கும் பிளந்துவிடலாமே? ஆகாது. மலத்தை அடக்கிவைக்கும் வளையத் தசையினூடாகவே இச்சுரங்கம் பெரும்பாலும் செல்கிறது. தசையின் சிறு பகுதியை மாத்திரம் அது கடந்தால், பிளந்தவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் குணமடைவர். ஆழமாகச் சென்றிருப்பின், பிளப்பு நோயைத் தீர்த்து, அடக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடக்கூடும். பிரசவத்தில் தசை தளர்ந்த பெண்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சுரங்கம் செல்லும் வழியைக் காந்தப் படப் பரிசோதனையால் முன்னரே அறிந்துகொள்வது இதனாலேயே.

ஆழமான பவுத்திரத்தில் முதலில் ஒரு நூலைச் சுரங்கத்தினூடே கோத்து விடுவர். சீழ் தேங்காமல் வடியும், அழற்சி அடங்கும். பின்பு உள்வாயை அருகிலுள்ள சவ்வினால் மூடித் தைக்கலாம். அல்லது தசைகளின் இடையே சுரங்கத்தைக் கட்டி அறுக்கலாம். பின்னைய முறையைத் தாய்லாந்து வைத்தியர்கள் 2007இல் வெளியிட்டனர். இவ்விரண்டும் தசையைக் காப்பன. ஆயினும் ஏறத்தாழ மூவரில் இருவருக்கே முதன்முறையிற் பயன் தருவன. பசையினாலும் அடைப்பானாலும் சுரங்கத்தை நிரப்பும் முறைகள் தீங்கு குறைந்தவை; ஆனால் நோய் திரும்புவது அதிகம். தோல்வியுற்றால் மீண்டும் முயலலாம். அறுந்த தசையை முன்போலாக்குவதோ கடினம்.

கீழைத்தேய வைத்தியத்தின் காரநூல் முறையையும் இங்கே குறிப்பிடவேண்டும். கள்ளிப்பால், நாயுருவிச் சாம்பலின் காரம், மஞ்சள் ஆகியவற்றை நூலில் 21 முறை பூசி உலர்த்துவர். வாரந்தோறும் அதனை மாற்ற, சிறிது சிறிதாகச் சுரங்கம் அறுபடவும், பின்னாலே புண் ஆறவும் செய்யும். காசியிலுள்ள பல்கலைக்கழகத்தில் இருபதாம் நூற்றாண்டில் இது புத்துயிர் பெற்றது. இலங்கையின் ஆயுள்வேத வைத்தியசாலைகளிலும் கையாளப்படுகிறது. நோயாளர் பெரும்பாலும் நடமாடிக்கொண்டே சிகிச்சை பெறலாம். நூல் மாற்றும்போது எரிவைப் பொறுக்கவேண்டும். இதுவும் தசையை அறுக்கும் முறையே என்பதை மறத்தலாகாது.

எம்முறையாயினும் புண் ஆறச் சில வாரங்கள் செல்லும். இளஞ்சூட்டு நீரில் நாள்தோறும் இருத்தலும், மலம் இறுகாதபடி கீரை, பழம், நீர் மிகுதியாக உட்கொள்ளலும் போதும். ஆனால் காய்ச்சலுடன் கட்டி வீங்கினால், அன்றே வைத்தியசாலைக்குச் சென்று சீழை வெளியேற்றவேண்டும்.