வளையில்லா முயல்

செல்லப்பிராணிக் கடைகளில் நாம் காணும் முயல்கள் யாவும் ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தவை. தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் திரியும் முயலோ வேறு இனம். தமிழில் இரண்டையும் ‘முயல்’ என்றே அழைப்பதால், அவற்றை ஒன்றென எண்ணிவிடுகிறோம்.

குழிமுயல் மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். காட்டு முயலுக்கு வளை கிடையாது. ஐரோப்பிய வயல்வெளிகளில் வாழும் பழுப்பு முயலை எடுத்துக்கொள்வோம். அது தரையில் தன் உடல் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் பறித்து, பகலில் அதில் படுத்திருக்கும். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் அதற்கு அதுதான் இருப்பிடம். காதுகளை முதுகோடு ஒட்டி அசையாமல் கிடந்தால், அருகில் நடந்து செல்பவருக்கும் அது மண்கட்டியாகவே தோன்றும். தலையின் இருபுறமும் அமைந்த கண்களால், தலையைத் திருப்பாமலேயே ஏறக்குறைய நாற்புறமும் அதனால் பார்க்க முடியும். ஓட நேர்ந்தால், மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் வளைந்து வளைந்து ஓடும். படுக்கைக்குத் திரும்பும்போது வந்த தடத்திலேயே சற்றுப் பின்னோக்கிச் சென்று, திடீரெனப் பக்கவாட்டில் தாவும். மோப்பம் பிடித்து வரும் நரி அவ்விடத்தில் குழம்பிப்போகும்!

குழிமுயலின் குட்டிகள் சுமார் 30 நாளில், கண் திறவாமல், உரோமமின்றிப் பிறக்கின்றன. வளை அவற்றைக் காக்கிறது. பழுப்பு முயலின் குட்டிகளோ சுமார் 42 நாள் கருவில் வளர்ந்து, திறந்த கண்களோடும் அடர்ந்த உரோமத்தோடும் பிறக்கின்றன. சில நாளில் அவை ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து ஒளிந்துகொள்ளும். தாய் நாளுக்கு ஒருமுறை, பொழுது சாய்ந்த பின் வந்து, சில நிமிடங்கள் பாலூட்டிவிட்டுப் போய்விடும். இது இரக்கமற்ற செயலாகத் தோன்றலாம். ஆனால், தாய் அருகிலேயே இருந்தால் அதன் வாடை நரியை அழைத்து வந்துவிடும். இதை அறியாத சிலர், புல்வெளியில் தனியே கிடக்கும் குட்டியை அநாதை என்றெண்ணித் தூக்கிச் செல்கின்றனர். மாலையில் பாலூட்ட வரும் தாய் குட்டியைக் காணாமல் தேடும்.

நரியிடம் பலிக்கும் இந்த அசையாமை, புல் அறுக்கும் இயந்திரத்திடம் பலிப்பதில்லை. இரைச்சல் நெருங்க நெருங்க, குட்டி தரையோடு மேலும் ஒட்டிக்கொள்ளும். அதனால், ஜெர்மனியில் புல் அறுக்கும் முன், வெப்பத்தை உணரும் கேமரா பொருத்திய டிரோன்களைப் பறக்கவிட்டு, மான்குட்டிகளையும் முயல்குட்டிகளையும் தேடுகின்றனர். தரை இன்னும் குளிர்ந்திருக்கும் விடியற்காலையே இதற்கு ஏற்ற நேரம். அப்போதுதான் குட்டியின் உடல்சூடு திரையில் ஒரு வெண்புள்ளியாகத் தெளிவாகத் தெரியும்.