மூக்கின் மதகை இறக்கும் தக்கை

சென்ட் பெட்டிகளில் சந்தனம், தேவதாரு வரிசையில் ‘தக்கை’ என்றும் போடுகிறார்களே, தக்கைக்கு அப்படி என்ன மணம் என்று ஆக்லாந்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார். பதிலின் பாதி அவர் ஊரிலேயே இருக்கிறது.

நல்ல தக்கையை முகர்ந்தால் உலர்ந்த மரத்தூள் வாடை, அதனடியில் துளி வனிலா, அவ்வளவுதான். சென்ட்டில் வரும் தக்கை பெரும்பாலும் வேறு மர வாசனைகளைக் கலந்து கட்டியெழுப்பும் கற்பனை. அதில் குற்றமில்லை. பட்டையைப் பிழிந்த சாறு என்று விளம்பரம் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

போர்ச்சுகலில் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை ஓக் மரத்தில் உரிக்கும் பட்டை இது. 1665-இல் விஞ்ஞானி ராபர்ட் ஹூக் நுண்ணறைகளுக்குச் ‘செல்’ என்று பெயரிட்டது இதன் சீவலைப் பார்த்துத்தான். வரலாறு இவ்வளவு போதும்.

தக்கையின் உண்மையான வல்லமை அதன் கெட்ட வாடையில் இருக்கிறது. தக்கையில் குளோரோபீனால் படிந்திருந்தால், பூஞ்சைகள் அந்த நஞ்சை முறிக்க மெத்தில் தொகுதியை ஒட்டிவிடும். பிறப்பது டிரைகுளோரோஅனிசோல், சுருக்கமாக டி.சி.ஏ. லிட்டருக்குச் சில நானோகிராம் போதும்; அந்தத் தக்கையால் மூடிய புட்டியின் வைனில், நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை அடிக்கும், பழமணம் காணாமல் போகும்.

ஏன் காணாமல் போகிறது? 2013-இல் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூட் என்னும் இருவாழ்வியின் முகர்செல்களைத் தனியே எடுத்து, அவற்றின் மீது டி.சி.ஏ.வைச் செலுத்தினார்கள். மணம் பட்டதும் திறந்து அயனிகளை உள்ளே விடவேண்டிய வாயில்கள், மிக மிகக் குறைந்த செறிவிலேயே அடங்கிப்போயின. ஏரிப் பாசனம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி நிறையத் தண்ணீர். அதுதான் வைனின் மணம். வாய்க்கால் நரம்பு, கடைமடை வயல் மூளை. டி.சி.ஏ. ஏரியைத் தொடுவதே இல்லை. மதகுப் பலகையை இறக்கிவிட்டுப் போகிறது. கடைமடைக்காரர் ஏரி வற்றிவிட்டதென்று நினைத்து, மழையைத் திட்டுகிறார்! நியூட்டின் செல்லில் கண்டதை வைத்து மனித மூக்கின் முழுக்கதையையும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எவ்வளவு அழகான விளக்கம்!

இனி வாசகரின் ஊருக்கு வருவோம். ஆக்லாந்தின் வடமேற்கே உள்ள குமேயூ ரிவர் வைன் நிறுவனம் இந்தத் தொல்லையைத் தவிர்க்க 2001-இல் தக்கையை விட்டுத் திருகுமூடிக்கு மாறியது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் பிராஜ்கோவிச்தான் நியூசிலாந்தின் திருகுமூடி இயக்கத்துக்குத் தலைமை ஏற்றார். இன்று அந்நாட்டு வைன் புட்டிகளில் மிகப் பெரும்பாலானவை திருகுமூடியோடுதான் வருகின்றன.

அது சரியான முடிவு என்றே சொல்வேன். வாடை அடிக்கிறது என்று புட்டியைத் திருப்பிக் கொடுப்பவரால் வைன்காரருக்கு ஒரு புட்டிதான் நட்டம். மணமே இல்லை, சப்பென்று இருக்கிறது என்று பேசாமல் போகிறவர் திரும்பி வரவே மாட்டார்.