புரதத்தை அறுக்கும் நொதிகள்

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையில் என் பெரியப்பாவின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவருக்கு வயது 72. இருதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயொன்றில் அடைப்பு ஏற்பட்டு, சிகிச்சை பெற்றுத் தேறியவர். உணவு முடிந்ததும் என்னை அருகே அழைத்து, மேசைமீது மூன்று புட்டிகளை வரிசையாக வைத்தார். "தம்பி, நீ கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கிறாய். இம்மூன்றில் எது உயர்ந்தது, சொல்" என்றார்.

முதற் புட்டியில் செர்ராபெப்டேஸ், இரண்டாவதில் நாட்டோகைனேஸ், மூன்றாவதில் புரோமிலெய்ன். வீக்கத்தை வற்றச் செய்யும், இரத்தக் கட்டியைக் கரைக்கும், இருதயத்தைக் காக்கும் என்று மூன்றின் அட்டைகளும் ஏறக்குறைய ஒரே பாட்டைப் பாடின. நான் விடை கூறுவதற்கு முன் ஒரு வினா எழுப்பினேன். "மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரின் எங்கே, பெரியப்பா?"

"அது இரசாயனம்; இவை இயற்கை. இவை வந்தபின் அதை நிறுத்திவிட்டேன்" என்றார் அவர், சற்றுப் பெருமையுடனேயே.

அன்று இரவு நெடுநேரம் அவரிடம் பேசினேன். அவற்றையே சிறிது விரித்து, மாணவ நேயர்களாகிய உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நம் உடலில் நிகழும் இரசாயன மாறுதல்களை விரைவுபடுத்தும் பொருள்களை நொதிகள் என்கிறோம். ஆங்கிலப் பெயரால் என்சைம் என்றும் வழங்குவதுண்டு. அவற்றுள் ஒருவகை நொதிகள் புரதங்களை அறுப்பதையே தொழிலாகக் கொண்டவை. இவற்றின் ஆற்றலை நம் சமையலறை நெடுங்காலமாக அறியும். முற்றிய ஆட்டிறைச்சி விரைவில் வேகவேண்டுமானால் பப்பாளிக்காயை அரைத்துத் தடவுகிறார்கள் அல்லவா? அக்காயின் பாலிலுள்ள நொதிக்குப் பப்பேன் என்ற பெயர் 1879ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் சூட்டப்பெற்றது.

இன்னொரு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். ஜெலாட்டின் என்பது விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் புரதம். அதை வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, பச்சை அன்னாசித் துண்டுகளை இட்டுக் குளிரூட்டுங்கள். எவ்வளவு நேரம் வைத்தாலும் அது இறுகாது. துண்டுகளை முன்னதாக வேகவைத்து இட்டால் இறுகிவிடும். ஏனெனில் வெப்பத்தில் நொதி உருக்குலைந்து செயலிழந்து போகிறது. ஜெலாட்டினுக்குப் பதில் கடற்பாசியைப் பயன்படுத்தினால் பச்சை அன்னாசியும் அதைத் தடுக்க முடியாது. கடற்பாசி புரதமன்று; அறுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அன்னாசியிலுள்ள அந்த நொதிதான் மூன்றாம் புட்டியிலிருந்த புரோமிலெய்ன்.

முதற் புட்டியின் சரக்கு, பட்டுப்புழுவின் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து ஜப்பானியர் பிரித்தெடுத்தது. இரண்டாவதும் ஜப்பானோடு தொடர்புடையதே. அவித்த சோயா மொச்சையைப் பாக்டீரியாவால் புளிக்கவைத்து, நூல்நூலாய் இழுபடும் நாட்டோ என்னும் உணவை அங்கே காலையில் சோற்றுடன் உண்பார்கள். அதன் மணம் எல்லோருக்கும் பிடிப்பதன்று. 1980ஆம் ஆண்டில், சிக்காகோ நகரில் ஆராய்ச்சி செய்துவந்த ஹிரோயுகி சூமி என்ற அறிஞர், தட்டிலிருந்த பைப்ரின் படலத்தின்மேல் சிறிது நாட்டோவை வைத்துப் பார்த்தார். பைப்ரின் என்பது இரத்தம் உறையும்போது வலைபோல் பின்னிக்கொள்ளும் புரதம். அந்தப் படலம் கரைந்தது. கரைத்த நொதிக்கு நாட்டோகைனேஸ் என்று பெயரிட்டு, 1987இல் அவரும் துணைவர்களும் செய்தியை வெளியிட்டார்கள்.

பார்ப்பதற்கு வியப்பான காட்சிதான். ஆனால் தட்டில் இருந்தது நொதியும் பைப்ரினும் மட்டுமே. இடையில் இரைப்பை இல்லை, குடல் இல்லை. நாம் விழுங்கும் நொதியோ தானும் ஒரு புரதம். உள்ளே சென்றதும் பருப்பையும் மீனையும் போலவே அதுவும் செரிக்கப்படுவதற்கு உரியது. இரைப்பையின் அமிலம் தாக்காதபடி மாத்திரைக்கு மேற்பூச்சுப் பூசலாம்; பூசுகிறார்கள். அதன் பிறகும் குடற்சுவரைக் கடந்தாக வேண்டும். இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறு புரதம். அதை வாய்வழியே கொடுக்க எத்தனையோ பேர் முயன்றும், இன்றும் நீரிழிவு நோயாளர் பெரும்பாலும் ஊசியால்தான் அதை ஏற்றிக்கொள்கிறார்கள். நாட்டோகைனேஸில் 275 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. விழுங்கியவர்களின் இரத்தத்தில் இந்நொதிகளின் சுவடு காணப்பட்டதுண்டு. ஆனால் சுவடு வேறு, வேலை செய்வதற்குப் போதிய அளவு வேறு. மேலும், வழிதப்பி வந்த புரத நொதிகளைப் பிடித்து அடக்குவதற்கென்றே நம் இரத்தத்தில் காவற் புரதங்கள் உலவுகின்றன. அவை இல்லாவிடில் நம்மை நாமே அறுத்துக்கொள்வோம்!

எனவே, எந்த நொதி கூர்மையானது என்று கேட்பதில் பயனில்லை. புட்டிகளில் அச்சிட்டிருக்கும் ஆயிரக்கணக்கான அலகுகளும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையில் அளந்தவை; முழத்தையும் படியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல் ஆகும். மனிதர்க்குக் கொடுத்துப் பார்த்ததில் என்ன கண்டார்கள் என்பதே கேட்கத்தக்க கேள்வி. கொடுத்துப் பார்ப்பதிலும் ஒரு நெறியுண்டு. பாதிப்பேருக்கு மருந்தும், மறுபாதிக்கு அதைப் போலவே தோன்றும் வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது கிடைத்தது என்பதை மறைத்து வைத்து ஒப்பிட வேண்டும். சுளுக்கும் வீக்கமும் தாமாகவே வடியும் இயல்புடையவை அல்லவா?

இந்த உரைகல்லில் முதற் புட்டியின் கதை மிகவும் சுவையானது. டக்கேடா என்னும் ஜப்பானிய நிறுவனம் இந்நொதியை ஏறத்தாழ 40 ஆண்டுகள் விற்றுவந்தது. பின்னர் கணுக்கால் சுளுக்கு வீக்கத்திலும், நெஞ்சுச்சளி நோயிலும் வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது வேறுபாடு காணவில்லை. 2011ஆம் ஆண்டில் அந்நிறுவனமே மருந்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. தன் சரக்குக்கு எதிரான முடிவை ஏற்று நடந்த அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். நம் நாட்டிலோ வலி மாத்திரைகளோடு கலந்து அதே நொதி இன்றும் ஏராளமாக விற்பனையாகிறது. கடைவாய்ப்பல் பிடுங்கியபின் வரும் வீக்கத்தைச் சிறிது குறைத்ததாகச் சில சிறிய சோதனைகள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புரோமிலெய்னை முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு 12 வாரங்கள் கொடுத்துப் பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் மாத்திரையைவிட அது மேம்படவில்லை. ஆனால் தீப்புண்ணில் இறந்துபோன தோலை அகற்றுவதற்கு, அன்னாசித் தண்டின் நொதிகளைக் களிம்பாகப் பூசும் முறை ஐரோப்பாவில் 2012இலும் அமெரிக்காவில் 2022இலும் ஒப்புதல் பெற்றது. அங்கே நொதி நேரே புண்ணைத் தொடுகிறது. கடக்க வேண்டிய குடல் இல்லை.

நாட்டோகைனேஸ் இரத்த அழுத்தத்தைச் சிறிது தணிப்பதாக 2008இல் வந்த ஒரு கொரியச் சோதனை காட்டியது. 86 பேருக்கு 8 வாரங்கள் நடந்த சிறிய முயற்சி அது. 2021இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு அதைவிடப் பெரியது. 265 பேருக்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் நாட்டோகைனேஸோ வெறும் மாத்திரையோ கொடுத்து, கழுத்துத் தமனியின் சுவர் தடிப்பதை அளந்தார்கள். இரு சாராருக்கும் ஒன்றுபோலவே தடித்தது.

"அப்படியானால் நொதியால் இருதயத்திற்கு ஒரு பயனும் இல்லையா?" என்று பெரியப்பா கேட்டார். உண்டு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்பது பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் புரதம். அது நம் இரத்தத்திலேயே உறங்கிக் கிடக்கும் ஒரு நொதியை எழுப்பிவிட, அந்நொதி பைப்ரின் வலையை அறுக்கிறது. மாரடைப்பு வந்த சில மணி நேரத்திற்குள் அதை நரம்பு வழியே நேராக இரத்தத்தில் செலுத்துவார்கள். 1988இல் வெளிவந்த ஒரு பெருஞ்சோதனையில் 417 மருத்துவமனைகளும் 17,187 நோயாளிகளும் பங்குகொண்டார்கள். ஐந்து வாரங்களுக்குள் இருதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் மாண்டோர், ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் பெறாதவருள் 100க்கு 13 பேர். இரண்டையும் பெற்றவருள் 8 பேர். அவர் 'இரசாயனம்' என்று ஒதுக்கிய ஆஸ்பிரின் அந்தக் கணக்கில் சம பங்காளி. அதன் மூதாதையும் வில்லோ என்னும் மரத்தின் பட்டையில் இருந்த பொருளே என்றபோது பெரியப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் அஞ்சியது வேறொன்றை. செயற்கை இருதய வால்வு பொருத்தப்பெற்ற ஒருவர், இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த வார்ஃபரினை விட்டு நாட்டோகைனேஸை ஏறத்தாழ ஓராண்டு உண்டார். வால்வில் இரத்தம் உறைந்து, மீண்டும் அறுவை செய்ய நேர்ந்தது. 2015இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்று இதை வெளியிட்டது. ஆஸ்பிரினோடு நாட்டோகைனேஸையும் சேர்த்து உண்ட ஒருவருக்குச் சிறுமூளையில் இரத்தம் கசிந்ததாக 2008இல் மற்றொரு குறிப்பு வந்தது. ஓரிருவரைப் பற்றிய செய்தியால் பொது விதி வகுக்க இயலாது. ஆயினும் விட்டாலும் இடர், சேர்த்தாலும் இடர் என்ற நிலையில், மருத்துவருக்குத் தெரியாமல் இவற்றை உண்பது எவ்வாறு தகும்?

மறுநாள் காலையில் இருவரும் மருத்துவரிடம் சென்றோம். மூன்று புட்டிகளையும் பெரியப்பாவே கையோடு எடுத்துக்கொண்டார். மருத்துவர் அவற்றின் பெயர்களைத் தம் ஏட்டில் குறித்துக்கொண்டு, நிறுத்தியது எந்த நாளிலிருந்து என்று இரண்டு முறை கேட்டார். ஆஸ்பிரின் அன்றே மீண்டும் தொடங்கிற்று. இந்த ஆனி மாதத்தில் பெரியப்பாவுக்கு ஒரு பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. நாற்காலியில் அமர்ந்ததும், பல் மருத்துவர் கேட்பதற்கு முன்பே, தாம் உண்ணும் மாத்திரைகளின் பட்டியலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாராம்.