காசில் யார் முகம்? யூதேயா நாணயங்களும் ஒரு கலெக்டரின் கேள்வியும்

பழைய நாணயம் சேகரிப்பது பற்றிப் பேசும்போது எல்லாரும் முதலில் கேட்பது விலைதான். "இது எவ்ளோ போகும்?" நியாயமான கேள்வி. ஆனா இன்னைக்கு வேற ரெண்டு கேள்வியை எடுத்துக்கலாம். இந்தக் காசில் யார் முகம் இருக்கு? இது எந்த மண்ணிலிருந்து வந்தது?

நான் சேகரிப்பது ஒரு சின்ன ஏரியா. அந்நிய ஆட்சியின் கீழ் இருந்த யூத நிலத்தின் காசுகள். பாரசீகம், கிரேக்க அரசுகள், ரோம் என்று ஒருவர் மாற்றி ஒருவர் ஆண்ட ஊர் அது. ஆள்பவர் ஒருவர், காசைப் புழங்குபவர் இன்னொருவர். அப்படியிருந்தால் காசின் மேல் என்ன அடிப்பது என்பதே ஒரு பேச்சுவார்த்தை ஆகிவிடும். அதைக் கையில் வைத்துப் படிக்கலாம் என்பதுதான் என்னை இதில் இழுத்தது.

முதலில் பாரசீகர் காலம், கி.மு. 4ஆம் நூற்றாண்டு. அப்போது அந்த மாகாணத்தின் பெயர் யெகூத். அங்கே அடிக்கப்பட்ட வெள்ளிக் காசுகள் பல அரை கிராம்கூட தேறாது. சட்டைப் பையில் போட்டால் தேடணும், அவ்ளோ பொடிசு. சிலவற்றில் ஏதென்ஸ் நாணயத்தைப் பார்த்து அடித்த ஆந்தை இருக்கும், பக்கத்தில் 'யெகூத்' என்று மூன்றே எழுத்து. இன்னும் சிலவற்றில் லில்லிப் பூ. அடுத்து எகிப்தின் தாலமி அரசர்கள் வந்தார்கள். முதலாம் தாலமியின் முகத்தோடும் அதே ஊர்ப் பெயர் தொடர்ந்தது. ராஜா மாறினார், ஊர்ப் பெயர் நின்றது.

பிறகு செலூசிட் அரசு. ஏழாம் அந்தியோகஸ் காலத்தில், கி.மு. 132 வாக்கில், ஜெருசலேமில் ஒரு செம்புக்காசு அடிக்கப்பட்டது. ஒரு பக்கம் நங்கூரம், அது செலூசிட் அரசின் சின்னம். கூடவே அரசர் பெயர். மறுபக்கத்தில் ராஜாவின் தலை இருக்க வேண்டிய இடத்தில் லில்லிப் பூ. உருவம் பொறிப்பதை ஏற்காத மக்கள் அவர்கள். அதனால் பேரரசு தன் பெயரைப் போட்டுக்கொண்டது, முகத்தை விட்டுக்கொடுத்தது.

அடுத்து ஹஸ்மோனியர் என்ற யூத அரச குலம். அதில் அலெக்சாண்டர் யன்னாய், கி.மு. 103 முதல் 76 வரை ஆண்டவர். இவருடைய 'புரூட்டா' என்ற சின்னச் செம்புக்காசுதான் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குச் சரியான இடம். அவ்வளவு அதிகமாக அடித்ததால் இன்றும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பக்கம் நங்கூரம், கிரேக்க எழுத்தில் 'அரசர் அலெக்சாண்டர்'. மறுபக்கம் நட்சத்திரம், அதன் கதிர்களுக்கு நடுவே பழைய எபிரேய எழுத்தில் அவருடைய எபிரேயப் பெயர், 'யெகோனத்தான்'. ஒரே ஆளுக்கு ரெண்டு பெயர், ரெண்டு மொழி. வெளியூர்க்காரருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. விற்பனையாளர்கள் இதைப் பைபிளில் வரும் ஏழை விதவையின் காசு என்று சொல்லித்தான் விற்பார்கள். இந்த மாதிரிக் காசாக இருக்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

ரோம் நேரடியாக ஆள வந்தது கி.பி. 6இல். முதலில் வந்த ஆளுநர்கள் கவனமாக இருந்தார்கள். பார்லிக் கதிர், பேரீச்சை மரம் என்று யாருக்கும் உறுத்தாத படங்கள். பொந்தியு பிலாத்து அப்படி இல்லை. அவர் காலத்துக் காசுகளில் ரோமானியக் குறிசொல்லிகளின் வளைந்த கோலும், பலிச் சடங்கில் பயன்படும் கரண்டியும் இருக்கின்றன. பேரரசரின் முகத்தை அவரும் போடவில்லை. ஆனால் இன்னொருவரின் மதச் சடங்கைத் தினமும் கையில் எடுத்துத்தான் காய்கறி வாங்கணும் என்றால் எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க.

கி.பி. 66இல் கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் உடனே செய்த வேலைகளில் ஒன்று, சொந்தமாக வெள்ளி ஷெக்கல் அடித்தது. கிண்ணம், மூன்று மாதுளை மொட்டுகள், 'புனித ஜெருசலேம்' என்ற வாசகம், கூடவே கலகத்தின் ஆண்டு எண். ஒன்றிலிருந்து ஐந்து வரை வருகிறது. ஐந்து மிக அரிது, ஏன்னா 70இல் நகரமே விழுந்துவிட்டது. அதன்பின் ரோம் அடித்த காசில் பேரீச்சை மரம் மறுபடியும் வருகிறது. இந்த முறை அதன் கீழே ஒரு பெண் உட்கார்ந்து அழுகிறாள். வாசகம்: 'யூதேயா பிடிபட்டது'.

கடைசியாக 132 முதல் 135 வரை பார் கோக்பா கலகம். இவர்கள் புதுசாக உலோகம் தேடவில்லை. புழக்கத்தில் இருந்த ரோமானியக் காசுகளை எடுத்து, அவற்றின் மேலேயே தங்கள் அச்சை அடித்தார்கள். சில காசுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், 'ஜெருசலேமின் விடுதலைக்காக' என்ற எழுத்துக்கு அடியில் பேரரசரின் மூக்கோ தாடையோ இன்னும் தெரியும்.

இங்கேதான் என் இரண்டாவது கேள்வி வருகிறது. காசில் ஜெருசலேம் என்று இருக்கிறது, சரி. கலகக்காரர்கள் அந்த நகரத்தை உண்மையில் பிடித்தார்களா? இதற்குக் காசின் மேல் பதில் இல்லை, அது கிடைத்த இடத்தில்தான் இருக்கிறது. ஜெருசலேம் பழைய நகரப் பகுதி அகழாய்வுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பார் கோக்பா காசுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் அவர்கள் நகரத்தைப் பிடிக்கவில்லை என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரு காசு எங்கே, எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற தகவலின் மதிப்பு இதுதான். திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்த காசில் படம் இருக்கும், எழுத்து இருக்கும், அந்தத் தகவல் மட்டும் இருக்காது. அதைத் திரும்ப உண்டாக்கவும் முடியாது.

ஒரு முறை எனக்கு ஒரு பார் கோக்பா காசு நல்ல விலைக்கு வந்தது. படம் அருமை. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "பழைய கலெக்‌ஷன் சார்" என்றார். யாருடையது, எந்த வருஷம், பழைய பில் இருக்கா என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. நான் வாங்கவில்லை. அது இன்னும் மனசில் நிற்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்க ஆள் இருக்கும் வரை ராத்திரியில் தோண்ட ஆள் இருப்பான். இது வெறும் தத்துவமும் இல்லை. கலகத்தின் 4ஆம் ஆண்டில் அடித்த ஒரு கால் ஷெக்கல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்த இடத்தில் பிடிபட்டது. 2022 செப்டம்பரில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் அதை இஸ்ரேலிடம் ஒப்படைத்தது.

ஆரம்பிக்கிறவங்களுக்குச் சில விஷயம். காசுக்கு முன்னால் புத்தகம் வாங்குங்க. டேவிட் ஹெண்டினின் விவிலிய நாணயக் கையேடு, யாகோவ் மெஷோரரின் யூத நாணயத் தொகுப்பு, இந்த இரண்டின் எண்களை வைத்துத்தான் விற்பனையாளர்களே பேசுவார்கள். போலியைப் பார்க்கும்போது ஒரு சூட்சுமம்: விளிம்பில் வெட்டுத் தடம் இருந்தாலே போலி என்று முடிவு செய்யாதீங்க. புரூட்டா வகைக் காசுகளுக்கு உலோகத்தைக் கல் அச்சில் வரிசையாக ஊற்றி, மேலே முத்திரை அடித்து, பிறகு ஒவ்வொன்றாக வெட்டினார்கள். அதனால் இரண்டு பக்கமும் வெட்டுத் தடம் இருப்பது இயல்பு. எழுத்தும் படமுமே மழுங்கிப்போய், மேற்பரப்பு முழுக்க ஊசிக்குத்து மாதிரிக் குழிகள் இருந்தால்தான் சந்தேகப்படணும். அப்புறம், இஸ்ரேலின் 1978 சட்டப்படி அதன்பின் கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம், வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுடுங்க.

இது நம்ம ஊருக்கும் பொருந்தும். 'சீசருக்குரியதைச் சீசருக்கு' என்ற பேச்சில் வரும் வெள்ளிக்காசு திபேரியஸ் பேரரசருடையது என்பதே பொதுவான கருத்து. அதே திபேரியஸின் வெள்ளிக்காசுகள் கோயம்புத்தூர் வட்டாரத்தில் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. தோட்டத்தில் மண் வெட்டும்போது அப்படி ஒரு பானை தட்டுப்பட்டால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்டக் கலெக்டரிடம் சொல்லணும். என்னை மாதிரிக் கலெக்டர்கிட்ட இல்ல!

கேள்விகளை அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.