பெரம்பலூர், அரியலூர் மானாவாரிக் கரிசல் நிலங்களில் மூடுபயிர் எச்சச் சிதைவும் ஊட்டச்சுழற்சியும்

ஆய்வுச் சுருக்கம்

உழாத நிலத்தின்மேல் விடப்படும் பயிர் எச்சம் அடுத்த பயிருக்கு உரமாகவும் அமையலாம். தழைச்சத்துக்குப் போட்டியாகவும் அமையலாம். எச்சத்தின் கரிமம்–தழைச்சத்து விகிதமும் மழை பெய்யும் காலமுமே இதனை முடிவு செய்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மூடுபயிர், உழவில்லா வேளாண்மை, கரிசல், தழைச்சத்து முடக்கம், மக்காச்சோளம்.

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டக் கரிசல் நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் மானாவாரியில் பெருமளவு பயிரிடப்படுகின்றன. அரியலூர் மாவட்டத்திலோ சிமெண்டு ஆலைகளுக்கு மூலமான சுண்ணாம்புப் பாறை பரந்துள்ளது. அதனை ஒட்டிய மண்ணும் சுண்ணம் மிக்கது. ஆவணி, புரட்டாசியில் விதைத்த பயிர் அறுவடையானபின் நிலம் பல மாதங்கள் வெறுமையாகக் கிடக்கிறது. இந்த இடைவெளியில் வளர்த்து, மடக்கி, மண்ணின்மேல் விடப்படுவதே மூடுபயிர்.

உழவின்றி விதைப்பது தமிழகத்திற்குப் புதிதன்று. காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்குச் சில நாள்கள் முன்னரே ஈர வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தூவப்படுகின்றன. ஆனால் அங்கு நெல் விட்டுச்சென்ற ஈரம் உண்டு; மானாவாரிக் கரிசலில் ஈரமே முதற் கட்டுப்பாடு. ஆகவே படுகையின் அனுபவத்தை இங்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

சிதைவின் கணக்கு

எச்சத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்களின் உடலில் ஏறத்தாழ 8 பங்கு கரிமத்திற்கு 1 பங்கு தழைச்சத்து உள்ளது. அவை உண்ணும் கரிமத்தில் 30 விழுக்காடு உடலாக மாறுகிறது, எஞ்சியது கரியமில வாயுவாக வெளியேறுகிறது எனக் கொள்வோம். 1 டன் உலர்ந்த எச்சத்தில் 420 கிலோ கரிமம் இருப்பின், அதில் 126 கிலோ நுண்ணுயிர் உடலாகும். அதற்கு ஏறத்தாழ 16 கிலோ தழைச்சத்து தேவை.

மக்காச்சோளத் தட்டையில் தழைச்சத்து 0.7 விழுக்காடு எனில், 1 டன்னில் கிடைப்பது 7 கிலோ மட்டுமே. குறையும் 9 கிலோவை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. இதுவே தழைச்சத்து முடக்கம். இளம்பயிர் வெளிறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாறாக, 2.5 விழுக்காடு தழைச்சத்துள்ள சணப்பு எச்சத்தில் 25 கிலோ உள்ளது. 9 கிலோ மிகுந்து மண்ணுக்கு வருகிறது. இக்கணக்கின்படி சமநிலை விகிதம் ஏறத்தாழ 27:1. இம்மதிப்புகள் விளக்கத்திற்கானவை, மரநார் மிகுந்த எச்சம் இவ்விகிதம் காட்டுவதைவிட மெதுவாகவே சிதையும்.

மழையும் மேற்பரப்பும்

புதைக்கப்பட்ட எச்சத்தைவிட மேற்பரப்பில் கிடப்பது மெதுவாகச் சிதைகிறது. மண்ணுடன் தொடர்பு குறைவு. வெயிலில் விரைவில் உலர்கிறது. எனினும் எல்லாச் சத்துகளும் ஒரே வேகத்தில் வெளிப்படுவதில்லை. சாம்பல்சத்து தாவர உறுப்புகளின் கட்டமைப்பில் பிணைக்கப்படாததால் முதல் மழைகளிலேயே கரைந்து மண்ணில் இறங்குகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் நுண்ணுயிர்களின் வழியாகவே விடுபடுகின்றன.

உலர்ந்த மண் திடீரென நனையும்போது நுண்ணுயிர்ச் செயல் பொங்கி எழுகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மண்களை ஆராய்ந்த பிர்ச் இதனை 1958இல் விவரித்தார். கோடை மழையிலோ ஆடி மழையிலோ இவ்வாறு விடுபடும் நைட்ரேட்டை உறிஞ்ச அப்போது வயலில் வேர்கள் இல்லையெனில், அது அடிமண்ணுக்குக் கசியலாம். நீர் தேங்கும் கரிசலில் வாயுவாக மாறியும் இழக்கப்படலாம். வளர்ந்து நிற்கும் மூடுபயிர் அதனைப் பிடித்துவைக்கிறது. இது மூடுபயிரின் பெரும்பயன். எனினும் கோடை மழை பொய்த்தால் அதே பயிர் அடுத்த விதைப்புக்குரிய ஈரத்தைக் குடித்துவிடும்.

சுண்ணமும் காரத்தன்மையும் மிக்க மண்ணில், எச்சத்தின்மேல் தூவிய யூரியா அம்மோனியாவாக எளிதில் ஆவியாகிறது. ஆகவே அதனை எச்சத்திற்குக் கீழே மண்ணில் இடுவதே தக்கது.

எச்சத் தேர்வு

பருத்திமாரை வயலிலேயே விடுவது பொருந்தாது. அதில் ஒட்டியிருக்கும் காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பருவம்வரை தங்கக்கூடும். மக்காச்சோளத் தட்டை கால்நடைக்குத் தீவனம். அதனை முழுவதும் நிலத்தில் விடச் சொல்வது சிறு உழவரின் கறவைமாட்டோடு போட்டியிடுவதாகும். எனவே தட்டையின் ஒரு பகுதியோடு சணப்பு, தட்டைப்பயறு, கொள்ளு போன்ற பயறுவகை மூடுபயிரைச் சேர்ப்பது நடைமுறைக்கு ஏற்றது. தட்டை நீண்டநாள் நிலத்தை மூடிக் காக்கிறது. பயறுவகை எச்சம் முடக்கத்தை ஈடுசெய்கிறது. பூக்கும் தறுவாயில் மடக்கினால் தழைச்சத்து மிகுதியாகக் கிடைக்கும். முதிரவிட்டால் தண்டு நார்ப்பட்டுச் சிதைவு தாமதமாகும்.

முடிவுரை

இவ்விரு மாவட்டங்களிலும் மூடுபயிரின் வெற்றியை எச்சத்தின் எடையால் மட்டும் அளவிட இயலாது. சத்து விடுபடும் காலம் பயிர் அதனைக் கேட்கும் காலத்தோடு இணைய வேண்டும். பிற மண்டலங்களின் பரிந்துரைகளை அப்படியே ஏற்காமல், கரிசலின் ஈரம், சுண்ணம், தீவனத் தேவை ஆகிய மூன்றையும் சேர்த்து உழவர் வயல்களிலேயே பல பருவங்கள் அளந்தறிவது இத்துறை ஆய்வாளர்களின் பணியாகும்.