சீட்டு இல்லாத மாத்திரை

நெஞ்சு படபடக்கிறது, கை மரத்துப்போகிறது, மூச்சு அடைக்கிறது. அடித்துப்பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் இசிஜி நார்மல், எக்கோ நார்மல், தைராய்டும் நார்மல். முதலில் இதயத்தைப் பார்த்தது சரிதான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. "மனநல மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று எழுதித் தந்த சீட்டு பர்ஸிலேயே மடங்கிக் கிடக்கும். மனநல மருத்துவமனை இருப்பதாலேயே கீழ்ப்பாக்கம் என்ற பெயரை வசையாக்கி வைத்திருக்கிற நம்மூரில் அந்தக் கதவைத் தட்டக் கூச்சமாகத்தான் இருக்கும். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. சிகிச்சை இல்லை என்றால் மருந்தும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தெருமுனை மருந்துக்கடை இருக்கிறதே.

"அண்ணே, தூக்கமே வரல, ஒரே படபடப்பு." "நைட்டு அரை மாத்திரை போடுங்க, சரியாயிடும்." கைக்கு வருவது பெரும்பாலும் அல்பிரசோலம். 2014 மார்ச் முதல் இது ஹெச்1 அட்டவணை மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதியவர், வாங்கியவர், எத்தனை மாத்திரை என்பதைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடிட்ட கட்டத்துக்குள் எச்சரிக்கையும் உண்டு. கத்தரியால் நான்கு மாத்திரையை வெட்டித் தரும்போது அந்தக் கட்டம் கடைக்காரரின் டப்பாவிலேயே தங்கிவிடலாம்.

மாத்திரை வேலை செய்யும், ஆபத்தே அதில்தான். ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பு அடங்கும். சுமார் 11 மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்து பாதியாகிவிடும். அது இறங்க இறங்கப் பதற்றம் ஏறும். நோய் முற்றுகிறது என்று நினைத்து இன்னொன்று போடுவார்கள். இத்தகைய மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் தொடராமல் இருப்பதே நல்லது என்பது மருத்துவ வழிகாட்டல். அமெரிக்க மருந்து ஆணையமான எஃப்டிஏ, அடிமைப்படுத்தும் ஆபத்தை இவற்றின் விவரத்தாளிலேயே கட்டம் கட்டி எழுதும்படி 2020இல் உத்தரவிட்டது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். முதியவர்கள் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதும் உண்டு.

மனநல மருத்துவர் எழுதும் எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். கூடவே எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையும் உண்டு. மருந்துக்கடையில் கிடைக்காதது இந்தப் பொறுமைதான்.

நடிகை தீபிகா படுகோன் 2015இல் தன் மனச்சோர்வைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசினார். பிறகு பல பிரபலங்கள் வாய்திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் துணிக்கடையில் மாதச் சம்பளத்துக்கு நிற்பவரிடம் "நீயும் ஊரறியச் சொல்" என்பது நியாயமில்லை. ஊருக்குச் சொல்லாமல் இருப்பது வேறு, மருத்துவருக்கே சொல்லாமல் இருப்பது வேறு. முன்னதற்குச் சட்டமே துணை நிற்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விவரங்களைச் சில விதிவிலக்குகள் தவிர ரகசியமாக வைத்திருக்கச் சொல்கிறது. முன்பு சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை இன்றும் மனநோயாளி என்று தீர்மானிக்க முடியாது என்கிறது அதன் 3ஆம் பிரிவு.

மறைக்கவே கூடாத இன்னொரு இடம் காப்பீட்டு விண்ணப்பம். உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதே சட்டம். ஆனால் தொடர்ந்து சாப்பிடும் மருந்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடித்துவிட்டால், பணம் கேட்கும் நாளில் அந்த டிக்கையே காரணம் காட்டுவார்கள். ஆயுள் காப்பீட்டில் முதல் மூன்று ஆண்டுகள் இந்தக் கத்தி தொங்கிக்கொண்டிருக்கும். ஏஜென்ட் "அதெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்பார்; பிற்பாடு அவர் போனை எடுப்பாரா என்பது வேறு கதை.

ஏற்கெனவே மாதக்கணக்கில் அல்பிரசோலம் போட்டுக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்தாகலாம். மருத்துவர் அட்டவணை போட்டு, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைப்பார். அதற்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.