உங்களுக்குப் பிடித்தது பாட்காஸ்ட்டா, அதில் பேசும் ஆளா? காதுக்குள் உருவாகும் நம்பிக்கையின் கதை

ஆபீஸ் கேன்டீனில் 'இப்ப என்ன பாட்காஸ்ட் கேக்குறீங்க?' என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். வருகிற பதிலில் தலைப்பு கொஞ்சமாகவும் ஆள் நிறையவும் இருக்கும். 'அவர் பேசுற விதமே தனி', 'அவங்க சிரிக்கிறதைக் கேக்குறதுக்காகவே கேப்பேன்', 'விஷயம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ஆளு கெஸ்ட்டைப் பேசவே விட மாட்டேங்குறாரு'. ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது கதை, இசை, கேமரா என்று பிரித்துப் பேசுகிற அதே நண்பர்கள், பாட்காஸ்ட் என்றதும் ஹோஸ்ட்டைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். அதுவும் கிட்டத்தட்ட சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல.

2004-ல் 'தி கார்டியன்' நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய ஒரு கட்டுரையில்தான் 'பாட்காஸ்டிங்' என்ற சொல் முதலில் எட்டிப் பார்த்தது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்களைச் சேர்த்த பிறகு அது பரவியது. ஐபாட் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. பேசுகிற ஆளுக்கும் கேட்கிற ஆளுக்கும் இடையில் உருவாகும் ஒரு விசித்திரமான நெருக்கமும் தங்கிவிட்டது. அந்த நெருக்கம் எப்படி வருகிறது, எங்கே அது நம்மை ஏமாற்றுகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

தலைக்குள் ஒரு குரல்

ஸ்பீக்கரில் ஒருவர் பேசினால் சத்தம் அறையின் ஒரு மூலையிலிருந்து வருகிறது என்று மூளைக்குத் தெரியும். இயர்போனில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போகும்போது, அது தலைக்கு நடுவிலிருந்தே வருவதுபோல் தோன்றும். உங்கள் எண்ணங்கள் 'கேட்கும்' அதே இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பேசுகிறார். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரே பேச்சை ஸ்பீக்கரில் கேட்டவர்களைவிட ஹெட்போனில் கேட்டவர்கள், பேசியவரைத் தங்களுக்கு நெருக்கமானவராக உணர்ந்தார்கள். அவர் சொன்னதற்கு அதிகமாக இசைந்தும் போனார்கள்.

இந்த உறவுக்குப் பெயர் வைத்தது பாட்காஸ்ட் காலத்து ஆட்கள் இல்லை. 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ரேடியோ, டிவி பிரபலங்களுக்கும் ரசிகர்களுக்கும் இடையிலான ஒருதலை நெருக்கத்தை 'பாராசோஷியல்' என்று அழைத்தார்கள். அவர்கள் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சிகளில் ஒன்று 'லோன்சம் கேல்'. தனியாக இருக்கும் ஒரு ஆணிடம் காதலி பேசுவதுபோல ஒரு பெண் குரல் மட்டும் ரேடியோவில் பேசும். கேட்ட ஒவ்வொருவரும் தன்னிடம்தான் பேசுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் அமெரிக்காவில்தான் என்று நினைத்தால் வீட்டில் அப்பா, அம்மாவிடம் இலங்கை வானொலி பற்றிக் கேளுங்கள். பி.எச்.அப்துல் ஹமீத், கே.எஸ்.ராஜா என்று அறிவிப்பாளர்களின் பெயரைச் சொன்னதுமே குரலோடு ஞாபகம் வைத்துச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முகம் பார்க்காத குரல்தான். ஆனால் கடிதம் எழுதி, தங்கள் பெயரை அந்தக் குரல் உச்சரிக்குமா என்று காத்திருந்தார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. ரேடியோ நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும். பாட்காஸ்ட் உங்களோடு மெட்ரோவில் வரும், பாத்திரம் கழுவும்போது வரும், தூக்கம் வராத இரவில் கூடவே இருக்கும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒருவர் பேசுவதைக் கேட்கிறீர்கள் என்றால், கூடப்பிறந்தவரிடம்கூட அவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டீர்கள்.

தெரியாது என்று சொன்ன குரல்

பாட்காஸ்ட் என்ற வடிவத்தையே உலகம் திரும்பிப் பார்க்க வைத்தது 2014 அக்டோபரில் தொடங்கிய 'சீரியல்'. 1999-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி கொல்லப்பட்டார். அவருடைய முன்னாள் காதலரான அட்னான் சையத் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த வழக்கை சாரா கேனிக் என்ற பத்திரிகையாளர் 12 எபிசோடுகளில் மறுபடி தோண்டினார். ஒலி வடிவப் படைப்புகளுக்கான பெருமைமிக்க விருதுகளில் ஒன்றான பீபடி விருது கிடைத்தது.

ரசிகர்களைக் கட்டிப்போட்டது வழக்கு மட்டுமல்ல, கேனிக்கின் தடுமாற்றம். ஒரு வாரம் அட்னானை நம்புவார், அடுத்த வாரம் சந்தேகப்படுவார். ஒரு போன் அழைப்பு நடந்திருக்க முடியுமா என்று தனக்குத்தானே வாதாடுவார். அதுவரை செய்தி வாசித்த குரல்கள் எல்லாம் 'எனக்குத் தெரியும்' என்ற தொனியில் பேசின. இவர் 'எனக்குத் தெரியலையே' என்றார். முடிவு வரை உறுதியான பதில் சொல்லவும் இல்லை. பலருக்கு அது நேர்மையாகப் பட்டது. அன்றைக்கே எதிர்க்குரலும் எழுந்தது. கொரியக் குடும்பம், பாகிஸ்தானியக் குடும்பம் என இரண்டு குடியேறிய குடும்பங்களின் வாழ்க்கையை ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் தன் வியப்பின் வழியாக மட்டுமே பார்க்கிறார் என்றார்கள்.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. இணையத்தில் கூடித் தாங்களே துப்பறிந்தார்கள். சாட்சிகளின் பெயரைத் தேடினார்கள். தேநீர்க்கடைப் பேச்சுபோல 'அவன் செஞ்சானா, இல்லையா' என்று அலுவலகங்களில் வாக்கெடுப்பு நடந்தது. 2022 செப்டம்பரில் அட்னானின் தண்டனை ரத்தானபோது, ஹேயின் தம்பி நீதிமன்றத்தில் பேசினார். தன் குடும்பத்துக்கு இது பாட்காஸ்ட் இல்லை, முடியாத ஒரு கெட்ட கனவு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ரத்தானது சரியில்லை என்று அந்தக் குடும்பம் மேல்முறையீடு செய்தது. 2024-ல் மேரிலாந்து உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்து, தண்டனை மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் ஏற்கெனவே சிறையில் கழித்த காலமே போதும் என்று நீதிபதி சொன்னதால் அட்னான் வெளியிலேயே இருக்கிறார். ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது.

'சீரியல்' நல்ல பாட்காஸ்ட்டா? ஆமாம் என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை. ஆனால் கேட்டு முடித்தவர்களில் எத்தனை பேருக்கு கேனிக்கின் குரல் ஞாபகம் இருக்கிறது, எத்தனை பேருக்கு ஹேயைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருக்கிறது? ஹோஸ்ட்டோடு நெருக்கமாகும்போது, கதையில் இருக்கும் மற்றவர்கள் கொஞ்சம் மங்கித்தான் போகிறார்கள்.

அதே தடுமாற்றம், வேறு முடிவு

கேனிக்கின் வழியைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். செய்தியாளர் தன் சந்தேகத்தையும் சேர்த்தே ஒலிபரப்புவது ஒரு பாணியாகவே ஆனது. 2018-ல் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்ட 'காலிஃபேட்' அந்தப் பாணியின் உச்சம். ஐஎஸ் அமைப்பைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதிவந்த ருக்மிணி கலிமாச்சி அதன் குரல். சிரியாவுக்குப் போய் ஐஎஸ்ஸில் சேர்ந்ததாகவும் கொலைகள் செய்ததாகவும் கனடாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் சொன்ன கதைதான் அதன் மையம்.

நடுவில் ஒரு எபிசோடில், அந்த இளைஞர் சொன்ன தேதிகள் இடிக்கின்றன என்று கலிமாச்சியே கண்டுபிடிக்கிறார். பயண ஆவணங்களைப் பார்க்கிறார், குழப்பமாகிறார், மேலும் தேடுகிறார். கேட்கிறவருக்கு என்ன தோன்றும்? 'பாருங்க, எவ்வளவு கவனமா செக் பண்றாங்க!' அந்த எபிசோடால் நம்பிக்கை குறையவில்லை, கூடியது. நிகழ்ச்சி தொடர்ந்தது, அதற்கும் பீபடி விருது கிடைத்தது.

2020 செப்டம்பரில் அந்த இளைஞர் மீது, பயங்கரவாதியாக இருந்ததாகப் பொய்யான தகவல் பரப்பியதாகக் கனடா போலீஸ் வழக்குப் பதிந்தது. அதே ஆண்டு டிசம்பரில், அந்தத் தொடர் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று 'நியூயார்க் டைம்ஸ்' ஒப்புக்கொண்டு, விருதைத் திருப்பிக் கொடுத்தது. கட்டுக்கதை என்று பிறகு அந்த இளைஞரே ஒப்புக்கொள்ள, வழக்கும் கைவிடப்பட்டது.

இரண்டு தொடர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறைக்கும் ஒன்று இருக்கிறது. ஹோஸ்ட் சந்தேகப்படுவது ஒன்று, அந்தச் சந்தேகத்துக்கு அவர் என்ன செய்கிறார் என்பது வேறு. கேனிக் தன் சந்தேகத்தைத் தீர்க்க முடியாமல் கடைசி வரை அதோடே நின்றார். 'காலிஃபேட்'டில் சந்தேகம் வந்தது, கதைக்குச் சுவை கூட்டியது, பிறகு கதை தன் வழியில் போய்விட்டது. கேட்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும்.

நண்பன் சொன்னால் வாங்கிவிடுவோம்

'சீரியல்' கேட்டவர்களுக்கு மெயில்சிம்ப் விளம்பரம் மறந்திருக்காது. பலர் அந்தப் பெயரை உச்சரிப்பதும், ஒரு குரல் மட்டும் 'மெயில் கிம்ப்' என்று தடுமாறுவதும் அந்தக் காலத்து மீம் ஆனது. பாட்காஸ்ட் விளம்பரங்களுக்கு ஒரு தனி ருசி உண்டு. ஹோஸ்ட்டே தன் குரலில், 'நானே யூஸ் பண்றேங்க' என்கிற தொனியில் படிப்பார். பேட்டி எங்கே முடிந்தது, விளம்பரம் எங்கே தொடங்கியது என்றே சில நேரம் தெரியாது. விளம்பரக்காரர்கள் விலை கொடுப்பது அந்தத் தெரியாமைக்குத்தான். ஸ்பாட்டிஃபை போன்ற நிறுவனங்கள் நிகழ்ச்சியைவிட ஆளோடு கோடிகளில் ஒப்பந்தம் போடுவதும் அதனால்தான். மைக் யாரிடமும் இருக்கும், அந்த நெருக்கம் எல்லோரிடமும் இருக்காது.

இதில் அதிகம் சண்டை மூட்டும் பெயர் ஜோ ரோகன். 2022 ஜனவரியில் கொரோனா பற்றித் தவறான தகவல்கள் அவர் நிகழ்ச்சியில் பரவுவதாக மருத்துவர்களும் பேராசிரியர்களும் ஸ்பாட்டிஃபைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பாடகர் நீல் யங் தன் பாடல்களையே அங்கிருந்து எடுக்கச் சொன்னார். தான் நிபுணர் இல்லை, உட்கார்ந்து பேசுகிற ஒரு சாதாரண ஆள் என்பது ரோகன் தரப்பு. ரசிகர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது. நம்மைப் போலவே ஒன்றும் தெரியாமல் கேள்வி கேட்கிறாரே! ஆனால் எதிரே இருப்பவர் தப்பாகச் சொல்லும்போது 'ஒரு நிமிஷம், அது சரியில்லையே' என்று நிறுத்த, ஹோஸ்ட்டுக்கு முன்கூட்டியே ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரப் பேச்சில் அது நடக்காவிட்டால், கேட்கிறவர்களிடம் போய்ச் சேர்வது அந்தத் தவறும்தான்.

நீளம்தான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவில் அமித் வர்மா 2017-ல் தொடங்கிய 'தி சீன் அண்ட் தி அன்சீன்' ஆரம்பத்தில் இருபது நிமிடச் சமாச்சாரம். இப்போது ஒரு எபிசோட் பல மணி நேரம் போகிறது. விருந்தினரின் புத்தகங்களைப் படித்துவிட்டு வந்து, அதில் இருந்தே அவர் கேள்வி கேட்பது கேட்கும்போதே தெரியும். 'அவ்வளவு நேரம் யாருங்க கேப்பா?' என்று கேட்பவர்களும் உண்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு முழுசாகக் கேட்டு முடிப்பவர்களும் உண்டு.

இன்னொரு எல்லையில் 'ஃப்ரெஷ் ஏர்' டெர்ரி கிராஸ். 1970-களில் இருந்து பேட்டி எடுக்கிறார். கேள்வி ரொம்ப அந்தரங்கமாகப் போனால் சொல்லிவிடுங்கள், நகர்ந்துவிடுகிறேன் என்று விருந்தினரிடம் முன்பே சொல்லிவிடுவது அவர் வழக்கம். அவருடைய ரசிகர்களுக்கு அவரைப் பற்றி அதிகம் தெரியாது. தன்னைத் திறந்து காட்டாமலும் ஒரு ஹோஸ்ட் காதுக்கு நெருக்கமாக முடியும்.

ஹோஸ்ட் கிளம்பிவிட்டால்?

'ரிப்ளை ஆல்' இணையத்தின் விநோதங்களைப் பற்றிய நிகழ்ச்சி. ஆனால் அதன் உயிர், பி.ஜே.வோக்ட், அலெக்ஸ் கோல்ட்மேன் என்ற இரண்டு நண்பர்கள் ஒருவரை ஒருவர் ஓட்டிக்கொண்டு பேசுவதில் இருந்தது. 2021-ல் ஒரு பிரபல சமையல் பத்திரிகையில் நடந்த பாகுபாடு பற்றி ஒரு தொடரை ஆரம்பித்தார்கள். இரண்டு பகுதிதான் வந்தது. 'எங்க ஆபீஸ்லயும் இதேதான் நடந்துச்சு, நீங்க யூனியனுக்கு எதிரா நின்னீங்களே' என்ற சாரத்தில் முன்னாள் சக ஊழியர் ஒருவர் வெளிப்படையாகப் பேச, தொடர் பாதியில் நின்றது. வோக்ட்டும் அந்தத் தொடரின் செய்தியாளரும் விலகினார்கள். மீதிப்பேர் ஓட்டிப் பார்த்தார்கள். 2022 ஜூனில் நிகழ்ச்சியே முடிந்துவிட்டது. தலைப்பு அதேதான், இசை அதேதான். ரசிகர்கள் கேட்க வந்தது அந்த இரண்டு பேரின் சிரிப்பை.

மார்க் மாரன் கதை வேறு மாதிரி. 2009 செப்டம்பரில், வாழ்க்கை ஒரு மாதிரி முட்டுச்சந்தில் நின்றபோது இந்த நகைச்சுவைக் கலைஞர் 'டபிள்யூடிஎஃப்' நிகழ்ச்சியைத் தொடங்கினார். பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டு கேரேஜில் மைக்கை வைத்துப் பேசினார். விருந்தினரிடம் கேள்வி கேட்பதற்கு முன் தன் பூனை, தன் பயம், தன் குடிப்பழக்கத்தை விட்ட கதை என்று பத்து நிமிடம் தன்னைப் பற்றியே பேசுவார். பலருக்கு அது எரிச்சல், நேராக ஓட்டிவிட்டுப் பேட்டிக்குப் போய்விடுவார்கள். இன்னும் பலர் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே கேட்டார்கள். 2015 ஜூனில் அதே கேரேஜுக்கு, பதவியில் இருக்கும்போதே, பராக் ஒபாமா வந்து உட்கார்ந்தார்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, யாரும் போகச் சொல்லாமல், களைத்துவிட்டோம் என்று மாரனும் அவருடைய தயாரிப்பாளரும் தாங்களாகவே நிறுத்தினார்கள். 2025 அக்டோபரில் வந்த கடைசி எபிசோடுக்கும் ஒபாமாவே விருந்தினர். இந்த முறை கேரேஜுக்கு அவர் வரவில்லை, மாரன்தான் அவருடைய வாஷிங்டன் அலுவலகத்துக்குப் போனார். நிகழ்ச்சி முடிகிறது என்ற செய்தி வந்ததிலிருந்தே ரசிகர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். விவாகரத்தின்போது கூட இருந்தவர், வேலை போன வருடத்தில் கூட இருந்தவர் என்று. அவர்களில் யாரையும் மாரன் பார்த்ததில்லை.